மங்கு வாய் அளவு

போன மாதம் மலாக்கா நகரில், பழைய மரச்சாமான்களைச் செப்பனிடும் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். அம்மாவின் அலமாரிக் கால் ஒன்று ஆட்டம் கண்டிருந்தது. பட்டறைக்காரர் ஒரு நாற்காலிக் கையில் துணியை வைத்து நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வந்த வேலை மறந்துபோய் அப்படியே நின்றுவிட்டேன். ஆளிவிதை எண்ணெய். ‘லின்சீட்’ என்று டின்னில் போட்டிருக்கும். காய்ந்த புல்லும் பழைய பெயிண்டும் கலந்த நெடி அதற்கு. எங்கள் வீட்டில் அந்த நெடி வந்தால், பெரியப்பா காவல் கொட்டகைப் படியில் உட்கார்ந்து துப்பாக்கிக் கட்டைக்கு எண்ணெய் போடுகிறார் என்று அர்த்தம்.

எங்கள் தோட்டம் ஜாசினிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது. காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பார்த்தால் லேடாங் மலை தெரியும். மலாயாவில் ரப்பரை வியாபாரத்துக்கென்று முதன்முதலில் நட்ட இடங்களில் மலாக்காவும் ஒன்று. 1896-இல் டான் சே யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அதற்குப் பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். அடுத்தடுத்து எழுந்த தோட்டங்களுக்குத்தான் எங்கள் பாட்டன்மார் கப்பலேறி வந்தார்கள். பெரியப்பா அந்த மண்ணிலேயே பிறந்தவர். பத்து வயதில் புல் வெட்டப் போனவர், பதினைந்தில் பால்வெட்டும் உளி பிடித்தார்.

துப்பாக்கி அவர் கைக்கு வந்தது ஜப்பான்காரன் காலத்தில். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். பெரியப்பாவும் போனார். ஒரு பக்கம் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போகிறார்கள். இன்னொரு பக்கம் இந்தப் படை. இருபது வயதுக்காரன் எதைத் தேர்ந்தெடுப்பான்? 1942 பிப்ரவரியில் சரணடைந்த பிரிட்டிஷ் படை விட்டுச் சென்ற லீ-என்ஃபீல்டு ரைபிள்கள்தான் அவர்களுக்குப் பயிற்சிக்கு வந்தன. துப்பாக்கி இருந்தது, சுட்டுப் பழகத் தோட்டா போதாது. அதனால் தோட்டா இல்லாமலேயே பழக்கினார்கள்.

அந்தப் பயிற்சியைப் பெரியப்பா எங்களுக்குப் பலமுறை செய்து காட்டியிருக்கிறார். மலாயாவில் அப்போது ஒரு காசு நாணயம் சதுரமாக இருக்கும். அதைக் குழலின் மேல், முன்குறிக்குப் பின்னால் வைப்பார்கள். படுத்துக் குறி பார்த்து விசையை இழுக்க வேண்டும். ‘டக்’ என்று ஊசி அடிக்கும்போது காசு கீழே விழக்கூடாது. விழுந்தால் திரும்பவும். காலையில் படுத்தால் வெயில் ஏறும் வரைக்கும் அதுதான் வேலையாம். “குண்டு சத்தம் கேட்கிறதுக்கு முந்தியே எனக்குக் கை அடங்கிப்போச்சு” என்பார். முதலில் சத்தத்தோடு பழகியவன் விசையைத் தொடும்போதே தோளைச் சுருக்கிக்கொள்வான். காசோடு பழகியவனுக்கு அந்தப் பயம் வராது என்பது அவர் கட்சி. பின்னாளில் எங்கே யாரிடம் கேட்டாலும் இதே முறையைத்தான் சொன்னார்கள். இன்றைக்கும் இதைவிட மலிவான, நல்ல பயிற்சி கிடையாது.

போர் முடிந்து வந்தவர் மறுபடி உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு ரப்பர்த் தீம்பாருக்குப் போனார். மூன்று வருஷம்கூட ஆகவில்லை. 1948 ஜூன் 16-இல் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகளைக் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களை அவசர அவசரமாகச் சேர்த்தார்கள். சில வருஷத்தில் அவர்கள் தொகை முப்பதாயிரத்தைத் தாண்டியது. பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். எங்கள் ஆட்களும் அங்கங்கே இருந்தார்கள். ‘எஸ்.சி.’ என்றால் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கி பிடித்துப் பழகியவர் என்று மேற்பார்வை பார்க்கும் தண்டல் சொல்லிவிட, பெரியப்பாவுக்குக் காக்கிச் சட்டை வந்தது.

என் நினைவு தொடங்கும்போதே தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி இருந்தது. வாசலில் சோதனைச் சாவடி. காட்டில் இருக்கும் கொரில்லாக்களுக்குச் சோறு போகக்கூடாது என்று, பால்வெட்டுக்குப் போகிறவர்களின் தூக்குவாளியைத் திறந்து பார்ப்பார்கள். கடையில் சார்டின் டின் வாங்கினால் கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். பதுக்கி வைக்க முடியாதல்லவா! அம்மா அந்த டின்னை அன்றைக்கே சமைத்துத் தீர்ப்பாள். குழந்தைகளான எங்களுக்கு இதெல்லாம் உலகத்தின் இயல்பு. வேலி இல்லாத ஊர் உண்டு என்பதே தெரியாது.

காவல் கொட்டகை வேலி ஓரத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கு எதிரே இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரியப்பா நிற்கும் இடத்திலிருந்து ஒரு பக்கம் ரப்பர் காடு. மறுபக்கம் பலகைச் சுவர் வைத்த லயம், அதில் தூங்கும் பிள்ளைகள். விடிவதற்கு முன் பால் வெட்ட வருகிறவன் யார், காட்டிலிருந்து வருகிறவன் யார் என்று அரையிருட்டில் தெரியாது. குறி தப்பிய குண்டு பலகையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். “சுடாம இருக்கிறதுதான் முதல் வேலை. சுட்டா, நான் நினைச்ச இடத்துலதான் விழணும். வேற எங்கேயும் விழக்கூடாது” என்று அப்பாவிடம் அவர் சொன்னதை நான் அருகிலிருந்து கேட்டிருக்கிறேன். துல்லியம் என்பது அவருக்கு வீரத்தைக் காட்டும் சங்கதியாக இருந்ததே இல்லை. தன் தம்பி பிள்ளைகள் எந்தப் பலகைக்குப் பின்னால் படுத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அவருக்குக் கொடுத்தது குட்டை ரைபிள். ‘நம்பர் ஃபைவ்’ என்பார்கள். வெள்ளைக்காரர்கள் ‘ஜங்கிள் கார்பைன்’ என்றார்கள். லீ-என்ஃபீல்டு குடும்பத்தில் கடைசியாக வந்த ஒன்று. காட்டுச் சண்டைக்கென்று நீளத்தையும் எடையையும் குறைத்து 1944-இலிருந்து 1947 வரை இங்கிலாந்தில் செய்தார்கள். நீளம் ஒரு மீட்டர், எடை மூன்றே கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. குழல் முனையில் புனல் மாதிரி ஒரு மூடி, தீப்பிழம்பை மறைக்க. தோளில் படும் இடத்தில் சின்ன ரப்பர் பட்டை. எடை குறைந்ததால் உதை பலமாக இருக்கும். இதன் பேரில் ஒரு பழி உண்டு: குறி நிலையாக நிற்காது, இன்றைக்குச் சரிசெய்தால் நாளைக்கு வேறு எங்கோ போகும் என்று. உலோகத்தை அங்கங்கே சீவி எடை குறைத்ததால் உடல் நெளிகிறது என்றார்கள். காரணம் இதுதான் என்று யாரும் அறுதியாக நிரூபிக்கவில்லை. உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியபின் மலாயாவில்தான் அந்த ரைபிள் ஓயாமல் உழைத்தது.

பெரியப்பா அந்தப் பழியை முழுதாக ஏற்கவில்லை. “சில துப்பாக்கி பொறக்கும்போதே கோணல். அதை ஒண்ணும் பண்ண முடியாது. மிச்சதெல்லாம் கட்டையும் திருகும் ஆளும் செய்யுற வேலை” என்பார். அவர் சொன்னதை இத்தனை வருஷம் கழித்து யோசித்தால், அதில் முக்கால்வாசி சரி என்றே படுகிறது.

கட்டை என்றால் மரம். மரம் மழைக்கு ஊறும், வெயிலுக்குச் சுருங்கும். நம் ஊர் ஈரத்தைச் சொல்ல வேண்டுமா? துப்பாக்கியின் இரும்பு உடல் அந்த மரப் படுக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறது. சுடும்போது குழல் அதிரும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டு ஒரே வழியில் போகும். மரம் ஊதி ஒரு பக்கம் குழலை நெருக்கினாலோ, சுருங்கி இடைவெளி விட்டாலோ அதிர்வு மாறிவிடும், குண்டும் மாறிவிடும். அதனால்தான் எண்ணெய். பச்சை ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, கை சூடேறும் வரை தேய்ப்பார். வெளிப்புறம் மட்டும் போதாது; உள்புறம்தான் முக்கியம் என்று, அனுமதி கிடைத்த நாளில் கட்டையைக் கழற்றி உள்ளே பூசுவார். ஒரு நாள் பூசி இரண்டு நாள் காயவிட்டு மறுபடி பூசுவார்.

அவரோடு இருந்த ஒரு கான்ஸ்டபிள், இரவெல்லாம் மழையில் நனைந்த துப்பாக்கியை, ரப்பர் சீட்டுக்குப் புகை போடும் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார், சீக்கிரம் காயட்டும் என்று. சூட்டில் மரம் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. அடுத்த பயிற்சியில் அவருடைய குண்டெல்லாம் தாளுக்கு வெளியே. பெரியப்பா அந்தத் துப்பாக்கியை வாங்கிக் கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுக்குப் புதுக் கட்டைதான்” என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே ஆயுதக் கிடங்கிலிருந்து புதுக் கட்டை வந்தது. நனைந்தால் துடைத்து, நிழலில், காற்றில் வைக்க வேண்டும். அவசரமே படக்கூடாது.

அடுத்தது திருகு. விசைக் காப்புக்கு முன்னால், அடிப்பக்கத்தில் ஒரு பெரிய திருகு இருக்கும். இரும்பையும் மரத்தையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான். அது லேசாகத் தளர்ந்தாலும் எவ்வளவு நல்ல குழலும் வீண். பெரியப்பா அந்தத் திருகின் வெட்டு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று, கட்டையில் நகத்தால் ஒரு மெல்லிய கோடு கீறி வைத்திருந்தார். காவலுக்குப் போகும்முன் குனிந்து பார்ப்பார். வெட்டும் கோடும் நேராக இருந்தால் திருப்தி.

சுட்டு முடித்த நாளில் பெரியம்மா அடுப்பில் ஒரு கெட்டில் தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டும். அது தேநீருக்கு என்று நினைத்து ஆசையோடு நான் போய் நிற்பேன். ஆனால் அது துப்பாக்கிக் குழலுக்கு. அந்தத் தோட்டாக்களின் அடியில் தீ மூட்டும் மருந்து வெடித்தபின் குழலுக்குள் உப்பு படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். எங்கள் ஊர்க் காற்றுக்கு ஒரே இரவு போதும், துரு பிடித்துவிடும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, சின்னப் புனல் வைத்துக் கொதிநீரைக் குழலுக்குள் ஊற்றுவார். சூட்டில் இரும்பு தானே உலர்ந்துவிடும். பிறகு ஒரு முனையில் பித்தளைக் குண்டு கட்டிய கயிறு, மறு முனையில் சதுரத் துணி. குண்டைக் குழலுக்குள் விட்டு அந்தப் பக்கமிருந்து ஒரே இழுப்பு. நடுவில் நிற்கக்கூடாது. கயிறு குழல் வாயின் ஓரத்தில் உரசக்கூடாது. உரசி உரசி அந்த வாய் தேய்ந்தால் குண்டு வெளியேறும்போது கோணிப் போகும். “கடைசியாத் தொடுற இடம் அதுதான்” என்று வாய்ப்பக்கத்தைச் சுட்டிக் காட்டுவார். பிறகு எண்ணெய். ஆனால் காவலுக்குப் போகும் முன் அந்த எண்ணெயையும் உலர்ந்த துணியால் துடைத்து எடுத்துவிடுவார். எண்ணெய் இருக்கும் குழலில் முதல் தோட்டா மட்டும் தனியாக வேறு இடத்துக்குப் போகும். காவல்காரனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த முதல் தோட்டா ஒன்றுதான்.

இன்னொன்று: போல்ட்டை மாற்றாதே. நாலைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து சுத்தம் செய்யும்போது போல்ட்டுகள் ஒரே பாயில் கிடக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆலையில் ஒவ்வொன்றையும் அதனதன் துப்பாக்கியோடு பொருத்தி ஒரே எண் வெட்டியிருப்பார்கள். அந்த எண்ணை வாய்விட்டுப் படித்துத்தான் பெரியப்பா உள்ளே போடுவார். மாற்றிப் போட்டால் குறி கெடுவது இருக்கட்டும், ஆபத்து.

குறி சேர்க்கும் நாள் எங்களுக்குத் திருவிழா. சாலைக்குச் செம்மண் வெட்டி எடுத்த பெரிய பள்ளம் ஒன்று தோட்டத்தின் எல்லையில் இருந்தது. போலீஸ் லெப்டினன்ட் ஜீப்பில் வருவார். பிள்ளைகள் தண்டல் வீட்டுத் திண்ணையைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. தூரம் அளக்கக் கயிறு தேவையில்லை. எங்கள் தீம்பாரில் மரத்துக்கு மரம் இருபதடி. பதினைந்து எண்ணினால் நூறு கஜம். தாளில் வட்டம் வரைய, பால் பிடிக்கும் மங்கைக் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் சுற்றி வரைவார் பெரியப்பா. அந்த மங்கு வாய்தான் அவர் அளவுகோல். நாலங்குலத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும்.

ஐந்து தோட்டா. சுட்டதும் ஓடிப் போய்ப் பார்க்கமாட்டார். எங்கே விழுகிறது என்பது பிறகு. முதலில் எல்லாம் ஒன்றாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பார். வட்டத்துக்கு வெளியே, இடது மூலையில் ஐந்தும் நெருக்கமாக விழுந்தால் அவருக்கு மகிழ்ச்சி. வட்டத்துக்குள்ளே இரண்டும் வெளியே மூன்றும் சிதறிக் கிடந்தால் முகம் சுருங்கும். ஒன்றாக விழுந்தால் முன்குறியைத் தட்டி நகர்த்திக்கொள்ளலாம். மேலே கீழே மாற்ற, உயரம் வேறுவேறான முன்குறித் தகடுகள் உண்டு. அடுத்தடுத்த தகடுகளுக்குள் 15/1000 அங்குலம்தான் வித்தியாசம். சிதறலுக்கு அப்படி ஒரு தகடு கிடையாது. சிதறினால் மரத்தைப் பார், திருகைப் பார், குழலைப் பார், தோட்டாப் பெட்டியைப் பார், கடைசியில் உன்னைப் பார். வரிசை இதுதான். ஆளைக் கடைசியில் வைத்தது எனக்கு இன்றும் வியப்பு. மற்றவர்கள் எல்லாம் முதலில் ஆளைத்தான் திட்டுவார்கள்.

தோட்டாவிலும் பேதம் உண்டு. ஒரே ‘303’ தான், ஒரே 174 கிரெய்ன் குண்டுதான். ஆனாலும் ஒரு வருஷத்தில் ஒரு ஆலையில் செய்ததும் இன்னொரு ஆலையில் செய்ததும் ஒரே இடத்தில் விழாது. பித்தளையின் அடியில் பொறித்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து ஒரே வகையைத் தனியே எடுத்து வைப்பார். குறி சேர்த்தது எந்தத் தோட்டாவிலோ, காவலுக்கும் அதுவே. சுடுவதற்கு முன் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி அதன் புகையில் முன்குறியைக் காட்டிக் கறுப்பாக்குவார். தேய்ந்து பளபளக்கும் முன்குறியில் வெயில் பட்டால், வெளிச்சம் இருக்கும் பக்கம் கண்ணை இழுத்துவிடும். குழலையும் கட்டையையும் கல்லின் மேலோ மரத்தின் மேலோ வைக்கமாட்டார். மணல் நிரப்பிய சாக்கின் மேல் முன்னங்கையை வைத்து, அந்தக் கையில் துப்பாக்கியைப் பிடிப்பார். கடினமான பொருளில் வைத்தால் துப்பாக்கி எகிறும்.

விசையைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசினார். லீ-என்ஃபீல்டு விசைக்கு இரண்டு கட்டம். முதலில் லேசாக வரும். பிறகு ஓரிடத்தில் கெட்டியாக நிற்கும். அந்த இடத்தில் விரலை நிறுத்தி, பாதி மூச்சை விட்டு, அதற்குப் பிறகு மெல்ல அழுத்த வேண்டும். எப்போது வெடிக்கும் என்று சுடுகிறவனுக்கே தெரியக்கூடாது. இதைத் தோட்டத்துப் பையன்களுக்கு விளக்க அவருக்கு உளி இருந்தது. “பட்டையை வெட்டுறோம். மரத்தைத் தொட்டா மரத்துக்குக் காயம், அடுத்த வருஷம் அந்த இடம் முடிச்சு போடும். தொடாம விட்டாப் பால் வராது. நடுவுல ஒரு மயிரிழை இருக்குல்ல, அங்கே கை தானா நிக்கணும். விசையும் அப்படித்தான்.” நல்ல பால்வெட்டுக்காரனின் உளி, பட்டைக்கு உள்ளே மரத்தை ஒட்டியிருக்கும் வளர்படைக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், அதுவும் விடியாத இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு நானூறு மரம், ஐந்நூறு மரம். அந்தக் கைகளைத் தோட்டக் கூலியின் கைகள் என்று மட்டுமே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அதில் ஆறாத வருத்தம் உண்டு.

1953 செப்டம்பர் 3-இல் மலாக்காவின் ஒரு பகுதியை ‘வெள்ளைப் பகுதி’ என்று அறிவித்தார்கள். நாட்டிலேயே முதல் அறிவிப்பு அது. அந்த எல்லைக்குள் வந்த ஊர்களில் ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் எடுக்கப்பட்டன. எங்கள் பக்கம் மலையடிவாரம் என்பதால் வேலி இன்னும் சில காலம் நின்றது. வேலி எடுத்த அன்று மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். பெண்கள் இரவில் ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்குச் சும்மாவே நடந்து போய் வந்தார்கள், போகலாம் என்பதற்காக. பெரியப்பா துப்பாக்கியைத் துடைத்து, எண்ணை வாசித்துக் காட்டி, தோட்டாக்களை எண்ணி ஒப்படைத்துவிட்டு வந்து, பின்பக்கம் கொய்யா மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறு வாரமே பெரட்டில் பெயர் கொடுத்தார். அவசரகாலம் முறைப்படி முடிந்தது 1960 ஜூலை 31-இல்.

அவர் யாரையாவது சுட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் வயதில் கேட்கத் தோன்றவில்லை; தோன்றிய வயதில் கேட்பது முறையாகப் படவில்லை.

அறுபதுகளில் நான் மலாக்கா நகரில் இடைநிலைப் பள்ளிக்குப் போனேன். கேடட் படையில் சேர்ந்தேன். எங்களுக்கு வந்தது நீளமான ‘நம்பர் ஃபோர்’. சுடுதளத்துக்கு லாரியில் கூட்டிப் போவார்கள். எனக்குக் கிடைத்த துப்பாக்கியைப் பற்றி முன்னால் சுட்ட பையன்கள் எல்லாம் குறை சொன்னார்கள். குண்டு கண்டபடி போகிறதாம். நான் படுப்பதற்கு முன் கவிழ்த்துப் பார்த்தேன். முன் திருகின் தலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தியபோது மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் மெல்லிய அசைவு. மலாய் சார்ஜெண்டிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஆயுதக்காரரைக் கூப்பிட்டார். அவர் பெரிய திருப்புளியால் முக்கால் சுற்று முறுக்கினார். அன்று என் ஐந்து ஓட்டையும் ஒரு மங்கு வாய்க்குள் அடங்கின. “சியாப்பா அஜார்?” யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார் சார்ஜெண்ட். பெரியப்பா என்றேன். தோட்டத்தில் எஸ்.சி.யாக இருந்தவர் என்றேன். அவருடைய அப்பாவும் நியாலாஸ் பக்கம் எஸ்.சி.யாம். அன்று சாப்பாட்டு நேரம் முழுவதும் அவர் தன் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அதே நம்பர் ஃபோரிலிருந்துதான் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் மறைந்திருந்து குறி பார்த்துச் சுடுபவர்களுக்கான துப்பாக்கியையும் செய்தார்கள் என்பது எனக்குப் பிறகு படித்துத் தெரிந்தது. தனியாக ஒரு துப்பாக்கியை வடிவமைக்கவில்லை. ஆலையிலிருந்து வந்தவற்றில் நன்றாகச் சுடுபவற்றைப் பொறுக்கி, லண்டன் ‘ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்’ நிறுவனத்திடம் கொடுத்து, மரப் படுக்கையைச் சீராக்கித் தொலைநோக்கி பொருத்தினார்கள். இருநூறு கஜத்தில் ஏழு தோட்டாவும் ஐந்தங்குல வட்டத்துக்குள் விழ வேண்டும். அதாவது, சாதாரண ஆலைத் துப்பாக்கிக்குள் அந்தத் திறமை முன்னமே இருந்தது. மரத்தையும் திருகையும் ஒழுங்காக்கியதும் வெளியே வந்தது. பெரியப்பா காவல் கொட்டகைப் படியில் செய்துகொண்டிருந்ததும் அதுவேதான்.

இப்போது என் மருமகன் பெர்த்தில் இருக்கிறான். அங்கே முறையான உரிமத்தோடு ஒரு கிளப்பில் சுடுகிறான். போன வருஷம் கடையிலிருந்து ஒரு புது போல்ட்டு ரைபிள் வாங்கினான். பிளாஸ்டிக் கட்டை, துருப்பிடிக்காத குழல், மேலே தொலைநோக்கி. முதலில் நன்றாகச் சுட்டதாம், பிறகு சிதற ஆரம்பித்ததாம். குழலை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். வீடியோவில் கூப்பிட்டவனிடம், “மாமா சொல்றதை ஒவ்வொண்ணாச் செய், தம்பி” என்றேன். தாள் ஒன்றை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு இழுக்கச் சொன்னேன். இந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் குழல் கட்டையைத் தொடாமல் தனித்து நிற்க வேண்டும். தாள் தடையில்லாமல் போனது. அடிப்பக்கத் திருகைப் பார் என்றேன். இரண்டில் ஒன்று தளர்ந்திருந்தது. தொலைநோக்கியின் வளையத் திருகுகளும்தான். அளவு காட்டும் முறுக்கியை வாங்கி, கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கச் சொன்னேன். எத்தனை வகைத் தோட்டா சுடுகிறாய் என்றேன். கிடைத்ததையெல்லாம் என்றான். மூன்று நான்கு வகை வாங்கி, ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில், குழலை நன்றாக ஆறவிட்டுச் சுட்டுப் பார்த்து, அதற்குப் பிடித்ததை வைத்துக்கொள் என்றேன். மூன்று ஓட்டையைப் பார்த்து முடிவு செய்யாதே. மூன்று ஓட்டை அதிர்ஷ்டத்தாலும் சேர்ந்து விழும். பத்து சுடு.

அடுத்த வாரம் தாளின் படம் வந்தது. பத்து ஓட்டையும் ஒரு ஐம்பது சென் நாணயத்தைச் சுற்றியே இருந்தன. பெரியப்பா பார்த்திருந்தால் எத்தனை கஜம் என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

இங்கே மலேசியாவில் அந்தத் துப்பாக்கிகள் பொதுமக்கள் கையில் இல்லை. 1960 ஆயுதச் சட்டம், 1971-இல் வந்த கடும் தண்டனைச் சட்டம் இரண்டும் இருக்கும் நாடு இது. உரிமமில்லாத ஒரு தோட்டாகூட ஆளை உள்ளே தள்ளிவிடும். அப்படி இருப்பது நல்லதுதான் என்று நினைக்கிறேன். துப்பாக்கியோடு வளர்ந்த குழந்தைப் பருவம் யாருக்கும் வர வேண்டும் என்று நான் விரும்பமாட்டேன். எங்கள் தோட்டம் இன்று செம்பனை. காவல் கொட்டகை இருந்த இடத்தில் உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். லயத்து ஜனங்கள் ஜாசின், மெர்லிமாவ், புக்கிட் கட்டில் என்று சிதறிப் போய்விட்டார்கள். பெரியப்பா எண்பதைத் தாண்டி, மகன் வீட்டில், தூக்கத்தில் இறந்தார். அவர் படத்தில் இருப்பது வேட்டியும் துண்டும்தான். காக்கிச் சட்டையில் ஒரு படம்கூட எங்களிடம் இல்லை.

அவசரகாலத்தைப் பற்றிய புத்தகங்களை நான் தேடிப் படிக்கிறேன். ஜெனரல்கள் இருக்கிறார்கள், தோட்டத் துரைமார்கள் இருக்கிறார்கள், காட்டுக்குள் இருந்தவர்களின் நினைவுக் குறிப்புகளும் வந்துவிட்டன. வேலிக்குள் நின்று காவல் காத்த தமிழ் எஸ்.சி.யைப் பற்றி ஒரு வரி, இரண்டு வரிதான் கிடைக்கிறது. அவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் தொண்ணூறை நெருங்கியோ தாண்டியோ இருப்பார்கள். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், கோயில் திண்ணையில் அப்படி ஒரு தாத்தா இருந்தால் வரும் விடுமுறைக்குள் போய் உட்காருங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று தொடங்காதீர்கள். துப்பாக்கியை எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் தாத்தா, யார் சொல்லிக் கொடுத்தார்கள், காவல் கொட்டகை எங்கே இருந்தது என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தோட்டத்தின் பெயரையும் அவர் முழுப் பெயரையும் தேதியோடு எழுதி வையுங்கள். காக்கிச் சட்டையில் படம் இருந்தால் முதலில் அதைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.